வெற்றிலை குடித்த தண்ணீர்

தனகோட்டி காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அரை டம்ளர் காப்பி குடிப்பாள். அதற்குப் பிறகு சாயங்காலம் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும் வரை ஒரு வாய்த் தண்ணீர் உள்ளே போகாது. விரதமா, வேண்டுதலா என்று புதிதாகச் சந்தைக்கு வந்தவர்கள் கேட்டதுண்டு. செஞ்சிச் சந்தையில் வெற்றிலைக் கடை வைத்திருக்கும் பெண்ணுக்கு அது தொழிலில் சேர்ந்தது. வெற்றிலைக் கட்டைப் பிரித்து அழுகலைத் தள்ளக் கற்றுக்கொண்ட மாதிரியே, தாகத்தைத் தள்ளவும் அவள் கற்றுக்கொண்டிருந்தாள்.

பிறந்த ஊர் தளவானூர். தொண்டூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கன்னியப்பனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கடை கன்னியப்பனுடையது. விழுப்புரம் மண்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வரும் கட்டை அவன் இறக்கி வைப்பான், இவள் பிரிப்பாள். ஈரச் சாக்கை விரித்து, மேலே வாழை மட்டையைப் பரப்பி, காம்பெல்லாம் ஒரே பக்கம் வரும்படி இலையை அடுக்க வேண்டும். எண்ணிக் கட்டினால் அது ஒரு கவுளி. ஓர் அழுகல் உள்ளே தங்கிவிட்டால் மத்தியானத்துக்குள் சுற்றியிருக்கிற இலைகளையும் பிடித்துக்கொள்ளும். வெயில் ஏற ஏறக் கையில் தண்ணீரை எடுத்துத் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஊற்றினால் இலை கறுத்துவிடும், தெளிக்காவிட்டால் சுருண்டுவிடும்.

இன்னொரு விஷயத்தை மாமியார் முதல் நாளே சொல்லியிருந்தாள். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் இந்த இலையைத் தட்டில் வைத்துச் சாமி முன்னால் வைப்பார்கள், பெண் பார்க்க எடுத்துப் போவார்கள். ஒதுங்கிவிட்டு வந்தால் கையும் காலும் கழுவாமல் இலையைத் தொடக்கூடாது. தனகோட்டி இதை ஒருநாளும் மீறியதில்லை. அறுபது வயதைத் தாண்டிய பிறகும் மீறவில்லை.

கன்னியப்பனுக்கு இதில் ஒரு சிரமமும் இருந்ததில்லை. எழுந்து போவான், சந்தைச் சுவரோரம் நிற்பான், வந்து கை கால் கழுவிக்கொண்டு உட்காருவான். ‘இங்கே சிறுநீர் கழிக்காதீர்’ என்று அந்தச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கும். அந்த எழுத்துக்கு நேர் கீழேதான் ஆண்கள் வரிசையாக நிற்பார்கள். பெண்களுக்குச் சந்தைக்குப் பின்னால் வேலிகாத்தான் முள்ளுக்காடு இருந்தது. அதை ஒருவர் வாங்கி, முள்ளை வழித்து, மனை போட்டு, சுற்றிலும் சுவர் எழுப்பினார். பெண்கள் கூட்டமாகப் போய்ச் சத்தம் போட்ட பிறகு சந்தை மூலையில் ஒரு கழிப்பறை கட்டினார்கள். தலையில் பூ வைத்த ஒரு பெண்ணின் படத்தைக் கதவில் வரைந்து, ரிப்பன் வெட்டித் திறந்தார்கள். சில வாரங்கள் ஓடியது. பிறகு சந்தையைக் குத்தகைக்கு எடுத்த அரிகிருஷ்ணன் அதற்குப் பூட்டுப் போட்டான். கழுவ ஆள் கிடைக்கவில்லை என்று காரணம் சொன்னான். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு வேண்டிய கயிறு, தார்ப்பாய், உடைந்த எடை மிஷின் எல்லாம் உள்ளே போயின.

அன்றிலிருந்து சந்தைப் பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி நிறுத்திக்கொண்டார்கள். கணவன் போய்ச் சேர்ந்த பிறகு தனியாக உட்கார்ந்த தனகோட்டிக்குக் கூடுதலாக ஒரு வசதி இருந்தது. வாயில் எப்போதும் வெற்றிலை. எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். தாகம் எடுப்பதே தெரியாது.

போன வருஷக் கோடையில் அவளுக்குச் சிறுநீரில் எரிச்சல் வந்து, காய்ச்சலாகி, ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாயிற்று. மகன் பார்த்திபன் ஒரகடத்தில் கார் உதிரி பாகக் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறான். மனைவி கவிதாவோடு அங்கேயே இருக்கிறான். லீவு போட்டு ஓடி வந்தவனிடம் டாக்டர் சொன்னது ஒரே விஷயம். அம்மா தண்ணீரே குடிப்பதில்லை.

வார்டில் நாலு பேர் பார்க்க அவன் கத்தினான். “தண்ணி குடிக்கறதுக்குக் கூடவா ஆள் வெச்சு சொல்லணும்? சின்ன புள்ளையாம்மா நீ?”

தனகோட்டி போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள். ஒண்ணுக்குப் போக இடமில்லை என்று பெற்ற மகனிடம், அதுவும் மீசை வைத்த மகனிடம், எப்படிச் சொல்வது? “சரிடா, குடிக்கறேன்” என்று மட்டும் சொன்னாள். அவனும் ஏன் குடிப்பதில்லை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் மேற்கொண்டு எழுத ஒன்றுமே இருந்திருக்காது.

கேட்பதற்குப் பதிலாக அவன் ஒரு பாட்டில் வாங்கி வந்தான்.

“இது இன்னாடா, ராக்கெட்டு மாதிரி?”

“தண்ணி பாட்டில்மா. எவ்ளோ குடிக்கறன்னு இதுவே கணக்கு பண்ணிக்கும். ரொம்ப நேரம் குடிக்காம இருந்தா செவப்பு லைட்டு எரியும். வாய் தெறந்து பேசும். குடிச்சா பச்சையாயிடும். எல்லாம் உன் போன் வழியா என் போனுக்கு வந்துடும்.”

“நான் தண்ணி குடிக்கறது ஒரகடத்துல இருக்கற உனக்கு எதுக்குடா தெரியணும்?”

“தெரிஞ்சாதான நீ குடிப்ப?”

அவன் கெட்டவனில்லை. அவன் வேலை செய்யும் இடத்தில் எண்ணெய் குறைந்தால் மிஷின் தானாகவே விளக்கு எரிய வைக்கும், இவன் போய் ஊற்றுவான். விளக்கு எரிகிறபோது ஊற்றினால் மிஷின் கெடாது. இருபது வருஷமாக அவன் கண்ணால் பார்த்து நம்பிய விஷயம் அது. அம்மாவுக்கும் ஒரு விளக்கு வைத்துவிட்டால் போதும் என்று நினைத்தான்.

பாட்டில் சந்தைக்கு வந்த முதல் நாளே தனகோட்டியின் மானம் போயிற்று. முற்பகலில், ஆடு வாங்க வந்தவர்கள் வெற்றிலை வாங்கிக்கொண்டு நிற்கிற நேரத்தில், கூடைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. “தண்ணீர் அருந்தும் நேரம் இது. தங்கள் உடல்நலமே எங்கள் அக்கறை.”

பக்கத்துக் கருவாட்டுக் கடை வசந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “எக்கா, உன் பாட்டிலு நியூஸ் வாசிக்குது!”

“யம்மா, அது இன்னா வெல?” என்றார் ஓர் ஆட்டுத் தரகர். “என் பொண்டாட்டி கூப்புட்டா எனக்குக் காதுல உழுறதில்ல. இது கூப்புட்டா எழுந்து போவேன்.”

“முதல்ல வாங்கின கவுளிக்குக் காச எடு. அப்பறம் பாட்டில் வாங்குவ” என்றாள் தனகோட்டி. சிரிக்கவில்லை. அவளுக்கு உள்ளே கொதித்தது. பாட்டில் மறுபடியும் அருந்தச் சொன்னது. துணியைப் போட்டு மூடினாள். துணிக்குள்ளிருந்தும் தங்கள் உடல்நலத்தின் மேல் அக்கறைப்பட்டது. குடிக்காமல் விட்டால் மகனிடமிருந்து போன் வரும். “யம்மா, செவப்பு காட்டுதே, இன்னா பண்ற?” வியாபார நேரத்தில் ஒரு கையில் போனையும் ஒரு கையில் இலையையும் பிடித்துக்கொண்டு அவள் பல்லைக் கடிப்பாள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் அனல் காற்று அடித்தது. தெளிப்பதற்கு வைத்திருந்த குடம் காலி. இலையின் ஓரமெல்லாம் சுருள ஆரம்பித்தது. எழுந்து போய்க் குடத்தை நிரப்பி வர ஆள் இல்லை, கடையை விட்டு நகரவும் முடியாது. கைக்கு எட்டின தண்ணீர் அந்தப் பாட்டிலில்தான் இருந்தது. மூடியைத் திருகிக் கையில் ஊற்றித் தெளித்தாள். பாட்டிலைக் கீழே வைத்ததும் சிவப்பு பச்சையாயிற்று. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

“சூப்பர்மா! இப்பதான் பார்த்தேன். ஒரே மூச்சுல இவ்ளோ குடிச்சிருக்க. இப்படியே குடிம்மா. எனக்கு இன்னிக்குதான் நிம்மதி.”

நான் குடிக்கவில்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷம். பேசி முடித்து வைக்கிற நேரத்தில் இன்னொரு சண்டையை ஆரம்பிக்க வேண்டுமா? “ம்” என்றாள்.

அதற்குப் பிறகு பாட்டில் குரல் கொடுக்கும்போதெல்லாம் அவள் இலைக்குத் தெளித்தாள். பாட்டில் அளவு குறைந்ததை மட்டும் பார்த்தது. யார் வாயில் போனது என்று பார்க்க அதற்குக் கண் இல்லை. போன் அடிப்பது நின்றது. சந்தையில் அவள் கடை வெற்றிலை மாதிரி பச்சை வேறெங்கும் கிடைக்காது என்று பேச்சாயிற்று.

“உன் புள்ள வெத்தலைக்கு நல்லா வைத்தியம் பாக்கறான்” என்றாள் வசந்தா.

“அவன் கண்ணுக்கு நான் வேற, வெத்தல வேறயா? ரெண்டும் வாடாம இருந்தா போதும்” என்றாள் தனகோட்டி. சொல்லும்போதே கோபம் வந்தது. யார் மேல் என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை.

ஒரகடத்தில் பார்த்திபன் சாப்பாட்டு நேரத்தில் பாட்டிலின் செயலியில் நாளுக்கு ஒன்றாக இருக்கும் அம்மாவின் கட்டங்களைத் திறந்து கூட வேலை செய்கிறவர்களுக்குக் காட்டுவான். எல்லாம் பச்சை. வாரக் கடைசியில் செயலி ஒரு பதக்கம் படம் அனுப்பும். அதை அவன் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினான். “நம்ம பெரியவங்களையும் இப்படிப் பாத்துக்கணும்” என்று யாரோ பதில் போட்டார்கள்.

இந்த வருஷம் கத்திரி வெயில் தொடங்கியபோது தனகோட்டிக்கு மறுபடியும் எரிச்சல் கண்டது. வெந்தயத்தை ஊறவைத்துச் சாயங்காலம் வீட்டில் குடித்தாள். இரவில் குளிர் எடுத்தது. காலையில் அரை டம்ளர் காப்பியோடு பஸ் ஏறினாள். வெள்ளிக்கிழமை, கூட்டம் அதிகமாக இருந்த நாளில், ஒரு கவுளியைக் கட்டிக் கொடுக்கக் கையை நீட்டியவள் அப்படியே அடுக்கிய இலை மேல் கவிழ்ந்தாள். வசந்தா கருவாட்டுக் கையோடு ஓடி வந்து தூக்கினாள். முகத்தில் தண்ணீர் அடித்து, ஆட்டோ பிடித்து, தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

பார்த்திபன் வந்தபோது டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் ஷோபனா ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்திருந்தாள்.

“கிட்னி ரொம்ப சிரமப்படுது. தண்ணி குடிப்பாங்களா?”

“அதுல ஒரு கொறையும் இல்ல மேடம்” என்று அவன் போனைத் திறந்து நீட்டினான். “ஒரு நாள் விடாம ரெண்டு லிட்டருக்கு மேல. நான்தான் கவனிச்சினு இருக்கேன்.”

டாக்டர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பச்சைக் கட்டங்கள் மாதக் கணக்கில் ஓடின. அவள் முகம் மாறியது. “நாக்கைப் பார்த்தா காஞ்சு கிடக்குது. ஆனா இவ்வளவு குடிச்சும் இப்படின்னா வேற ஏதோ இருக்கு. கிட்னியே தண்ணிய வெளிய தள்ளலையா, இதயம் பலவீனமா, தெரியல. அப்படி இருந்தா இந்த டிரிப்ஸே நெஞ்சுல தண்ணி கோத்துடும். இப்பத்திக்கு நிறுத்திடலாம். ஆம்புலன்ஸ் சொல்றேன், புதுச்சேரி கொண்டு போயிடுங்க.”

நர்ஸ் டிரிப்ஸின் சக்கரத்தை உருட்டி நிறுத்தினாள். சொட்டு நின்றது. பார்த்திபன் சுவரில் சாய்ந்து கவிதாவுக்குப் போன் போட்டான். தனகோட்டி கண்ணை மூடியிருந்தாளே தவிர எல்லாம் காதில் விழுந்தது. உடம்பெல்லாம் தண்ணீர் கேட்டுக்கொண்டிருக்கிறது. வந்துகொண்டிருந்த தண்ணீரையும் நிறுத்திவிட்டார்கள். அவள் தண்ணீர் குடித்ததாக ஒரு பாட்டில் சாட்சி சொன்னதால் நிறுத்திவிட்டார்கள்.

“யம்மா டாக்டரு” என்றாள். குரல் வெளியே வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். “அந்தத் தண்ணி நான் குடிக்கல. வெத்தல குடிச்சிது.”

டாக்டர் குனிந்தாள். “இன்னாம்மா சொல்றீங்க?”

“எல்லாத்தையும் எலைக்குத் தெளிச்சிட்டேன். எனக்கு நெஞ்சுல ஒண்ணும் கெடையாது. தண்ணிய ஏத்து.”

டாக்டர் மறுபடியும் அவள் நாக்கைப் பார்த்தாள். திரும்பி நர்ஸிடம், “ஓட விடு. பக்கத்துலயே இருந்து பார்த்துக்க” என்றாள். சொட்டு மறுபடியும் விழத் தொடங்கியது.

பார்த்திபன் போனைப் பாக்கெட்டில் போட்டான். “எத்தினி மாசமாம்மா என்கிட்ட பொய் சொன்ன?”

“நான் எப்படா பொய் சொன்னேன்? உன் பாட்டில் சொல்லுச்சு.”

“குடிச்சா இன்னாம்மா? ஒரு வாய் தண்ணிய குடிச்சா இன்னா உனக்கு?”

“குடிச்சா எங்கடா போறது?”

அவனுக்குப் புரியவில்லை. தனகோட்டி தலையைத் தூக்க முயன்றாள். வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“ஒண்ணுக்கு எங்கடா போறது? உங்க கம்பெனியில இருக்குது, ஊட்ல இருக்குது, உனக்கு சொவுரு இருக்குது. எனக்கு எங்க இருக்குது? வருசக் கணக்கா அடக்கினு உக்காந்துகினு இருக்கேன். தண்ணி குடி குடின்னு ஊரு சிரிக்க ஒரு பேச்சுக்காரிய வாங்கியாந்து பக்கத்துல உக்கார வெச்சியே, உள்ள போற தண்ணி எங்க வழியா வரும்னு ஒரு நாளு கேட்டியா நீ?”

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த கிழவி “நல்லா கேளு” என்றாள். பார்த்திபன் வெளியே போனான். வெகுநேரம் வரவில்லை.

மூன்று நாளில் தேறி வீட்டுக்கு வந்தாள். பிழைத்தது தண்ணீரால்தான், இனி பகலெல்லாம் குடித்தே ஆக வேண்டும், இன்னொரு தடவை இப்படி வந்தால் கிட்னி திரும்பாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லி அனுப்பினாள். மகன் லீவை நீட்டித்தான். தனகோட்டி பாட்டிலை அவன் கண் முன்னாலேயே அலமாரிக்கு மேல் தூக்கி வைத்தாள். அவன் செயலியையும் அழித்துவிட்டான். ஆனால் அவன் கை சும்மா இருக்கவில்லை. இரண்டு நாளில் வாசலில் ஒரு பெட்டி வந்து இறங்கியது. பிரித்தால் பெரியவர்களுக்கான டயப்பர்.

“வெளிநாட்ல எல்லாம் சாதாரணம்மா. பஸ்ல தூரமாப் போறவங்க, வேலைக்குப் போறவங்க எல்லாம் போடறாங்க. ஒருத்தருக்கும் தெரியாது.”

தனகோட்டி ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அடக்க முடியாதவங்க கட்டிக்கட்டும், தப்பில்ல. நான் அடக்கறவடா. எனக்கு எதுக்கு இது? ஈரத்த இடுப்புல கட்டினு உக்காந்து, கல்யாணத்துக்கும் சாமிக்கும் எல எடுத்துக் குடுக்கட்டுமா? உங்க பாட்டி இருந்தா செருப்பால அடிச்சிருப்பா.”

“அப்ப கடைய வுட்ரு. எங்ககூட வந்துடு.”

“ஏன், எனக்கு வெத்தல விக்கத் தெரியலையா?”

“தெரியலன்னு சொல்லல...”

“பூட்டுப் போட்டவன் அங்க சேர் போட்டு உக்காந்துகினு இருக்கான். கடைய நான் வுடணுமா?”

மறுநாள் பார்த்திபன் சந்தைக்குப் போய் அரிகிருஷ்ணனைப் பார்த்தான். மரியாதையாகவே பேசினான். அரிகிருஷ்ணனும் மரியாதையாக டீ வாங்கிக் கொடுத்தான். “தம்பி, ஏழெட்டுப் பொம்பளைங்களுக்காக ஆள் போட்டுக் கழுவினா எனக்குக் கட்டுப்படியாகாது. அம்மாவுக்கு ஒடம்பு முடியலன்னா ஊட்ல வெச்சுக் கஞ்சி ஊத்து. இந்த வயசுல சந்தையில உக்கார வெச்சா ஊரு உன்னத்தான் பேசும்” என்றான். பார்த்திபன் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்து அதை அப்படியே சொன்னான். சொல்லிவிட்டு, “அவரு சொல்றதுலயும் ஒரு நாயம் இருக்குதேம்மா” என்று சேர்த்துக்கொண்டான்.

தனகோட்டி அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு எழுந்தாள். “அவன் குடுத்த டீய எங்கடா ஊத்தின?” என்று கேட்டாள்.

“இன்னாம்மா?”

“அவன் ஊத்திக் குடுத்தத குடிச்சியே, எங்க போய் ஊத்தின?”

அவன் தட்டில் சோற்றைப் பிசைந்தான். சந்தைச் சுவரோரம் நின்றுவிட்டுத்தான் வந்திருந்தான்.

அதற்கடுத்த வாரம் வியாழக்கிழமை அவன் வேலைக்குத் திரும்பினான். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் தனகோட்டி செஞ்சி வந்து இறங்கினாள். மண்டிக் கட்டை வாங்கிப் பிரித்தாள், அழுகலைத் தள்ளினாள், அடுக்கினாள். ஆடுகள் வரத் தொடங்கின. டீக்கடையில் ஒரு பெரிய சொம்பு கேட்டு வாங்கி, நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டாள்.

“எங்கக்கா போற?” என்றாள் வசந்தா.

“குடிக்கப் போறேன்.”

“இங்க குடிச்சா எறங்காதா?”

“அவன் முன்னாடி குடிச்சாதான் எறங்கும்.”

வசந்தா கருவாட்டின் மேல் சாக்கை இழுத்து மூடினாள். “இரு, நானும் வரேன். நானு மட்டும் இன்னா ஒட்டகமா? நம்ம செஞ்சிக் கோட்டையில ராஜா காலத்துலயே மாடிக்கெல்லாம் கொழாயில தண்ணி ஏத்தினாங்களாம். நமக்குக் கீழ எறக்க வழியில்ல.”

அரிகிருஷ்ணன் சந்தை வாசலில் மேசை போட்டு ஆட்டுக்கு இவ்வளவு என்று சுங்கம் வசூல் செய்துகொண்டிருந்தான். ஆட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் ஆட்கள் நின்றார்கள்.

“இன்னா ஆயா, எழுந்து வந்துட்டியா? ஒடம்பு பரவால்லியா?”

“ஆயா இல்ல, தனகோட்டி. பூட்டத் தெற.”

“தம்பிகிட்ட எல்லாம் சொல்லி அனுப்பிட்டேனே.”

“அவன்கிட்ட சொன்ன. அவனுக்குத்தான் சொவுரு இருக்குதே. எனக்குச் சொல்லு.”

அவன் வரிசையில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தான். தனகோட்டி சொம்பைத் தூக்கினாள். அண்ணாந்து குடித்தாள். நடுவில் மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் குடித்தாள். காலிச் சொம்பை அவன் மேசை மேல் வைத்தாள். மேசைக்கு முன்னால், ஆட்கள் வந்து நிற்க வேண்டிய இடத்தில், சேலையைச் சுருட்டிக்கொண்டு குந்தினாள். வசந்தாவும் குடித்துவிட்டுப் பக்கத்தில் குந்தினாள்.

“இன்னா பண்ற?”

“காத்துகினு இருக்கேன்.”

“எதுக்கு?”

“வர்றதுக்கு. டாக்டரம்மா குடிக்கச் சொன்ன தண்ணி உள்ள போயிருக்குது. சீக்கிரமே வரும்.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. முன்னால் நின்றவர் ஆட்டை இழுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். அரிகிருஷ்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது.

“அசிங்கம் பண்ணாத. போலீஸ கூப்புடுவேன்.”

“கூப்புடு. அவங்களும் வந்து வரிசையில நிக்கட்டும்.”

அவளுக்குக் கூச்சம் போய்விடவில்லை. காது இரண்டும் எரிந்தன. கன்னியப்பனுக்குத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் அந்த வரிசையிலேயே நின்றார்கள். இத்தனை ஆண்களுக்கு நடுவில் இந்தப் பேச்சைப் பேசுகிறோமே என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. எழுந்து போனால் மறுபடியும் அரை டம்ளர் காப்பி, மறுபடியும் காய்ச்சல், அதற்கப்புறம் திரும்பாத கிட்னி. இவ்வளவையும் அடக்கியது போதும் என்று தோன்றியது. பூக்கடையிலிருந்து ஒருத்தியும் கீரைக்காரி ஒருத்தியும் தண்ணீரைக் குடித்து வாயைத் துடைத்துக்கொண்டே வந்து சேர்ந்தார்கள்.

வரிசை நகரவில்லை. வெயில் ஏறியது. ஆடுகள் கத்தின. அரிகிருஷ்ணன் குனிந்து, குரலை இறக்கிச் சொன்னான். “சரி யம்மா. உனக்கு மட்டும் தெறந்து வுடறேன். போய்ட்டு வந்துடு. யாரையும் சேக்காத.”

“எனக்கு மட்டும் வந்தா எனக்கு மட்டும் தெற. இவளும் குடிச்சிருக்கா, பாரு.”

“சீக்கிரம் சொல்லு குத்தகைக்காரரே” என்றாள் வசந்தா. “எனக்கு வந்துடுச்சு.”

பின்னாலிருந்து ஆட்டுத் தரகர் ஒருவர் கத்தினார். “அட தெறந்து வுடுய்யா! ஆட்டப் புடிச்சினு எவ்ளோ நேரம் நிக்கறது?”

அரிகிருஷ்ணன் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான். அவன் ஆட்கள் இரண்டு பேர் தார்ப்பாயையும் கயிற்றையும் வெளியே இழுத்துப் போட்டார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை. பூக்காரி ஒரு குடத்தைத் தூக்கி வந்தாள். உள்ளே பூச்சியும் தூசியுமாகக் கிடந்தது. பெண்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய் வந்தார்கள்.

தனகோட்டி கடைசியாக வந்தாள். குடம் காலியாகியிருந்தது. இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் முன்னால் நீட்டிக்கொண்டு மேசைக்கு வந்தாள். மேசைக்கடியில் அரிகிருஷ்ணன் தனக்கென்று வைத்திருந்த தண்ணீர்க் கேன் இருந்தது.

“ஊத்து.”

“இது குடிக்கற தண்ணி.”

“நானும் குடிக்கற தண்ணியத்தான்டா அங்க வுட்டு வந்தேன். ஊத்து. இந்தக் கையோட எலையத் தொட மாட்டேன்.”

அவன் கேனைத் தூக்கிச் சாய்த்தான். அவள் அவசரப்படவில்லை. விரல் விரலாகக் கழுவினாள், முழங்கை வரை கழுவினாள், பிறகு ஒரு காலையும் மறு காலையும் நீட்டினாள். கேன் லேசாகும் வரை அவன் ஊற்றிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அவள் திரும்பிப் பார்க்காமல் கடைக்குப் போனாள். இலை சுருளத் தொடங்கியிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை கதவில் புதுப் பூட்டுத் தொங்கியது. அன்று சொம்போடு வந்த பெண்கள் முன்னைவிட அதிகம்.